மேற்குச் சுவரில் ஜன்னல் வைக்காதவர்

நான்கு மணி வாக்கில் கரண்ட் போனது. கட்டிலை விட்டு எழும்போது உள்ளங்கை மேற்குச் சுவரில் பட்டது. தோசைக்கல்லைத் தொட்டதுபோல இழுத்துக்கொண்டேன். திண்டிவனம் ரோட்டில் நான் வாடகைக்கு இருக்கும் மாடி வீடு இது. கட்டியவனை நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயெடுத்தேன். பிளான் சார் ஞாபகம் வந்துவிட்டது. அப்புறம் எந்த முகத்தோடு கேட்பது?

செஞ்சியில் அவரைப் பிளான் சார் என்றுதான் சொல்வோம். முறையாகப் படித்த ஆர்க்கிடெக்ட். அந்த வார்த்தை ஊர் வாயில் நுழையவில்லை. கொத்தனார் இருக்கும்போது இவர் எதற்கு என்று கேட்ட ஊர் அது. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. பேப்பரில் கோடு போடுவதற்கு முன்னால், சித்திரை வெயிலில், மடக்கு நாற்காலியும் குடையுமாகப் போய்க் காலி மனையில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பார். எங்கள் மனையிலும் உட்கார்ந்தார். தெருவில் நின்று சிரித்தவர்களில் நானும் உண்டு. பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன், எதற்கெடுத்தாலும் சிரிப்பு வருகிற வயசு.

என் நைனா வேர்க்கடலை வியாபாரி. பிளானைப் பார்த்ததும் கொதித்துவிட்டார்.

"இன்னா சார், மேக்கால மலப்பக்கம் ஒரு ஜன்னல்கூட இல்ல? ஊரு உலகமே கோட்டய பாக்க வந்து போவுது."

"மொட்டமாடிக்கு ஏறி எவ்ளோ வேணா பாருங்க. பகல் பூரா வாங்குன சூட்ட பாற சாயந்தரந்தான் வெளிய வுடும். ஜன்னல் வெச்சி அத வூட்டுக்குள்ள கூப்புடாதீங்க."

நைனா கேட்கிற ஆளா? சார் பக்கத்து ஊர் வல்லத்தில் வேறு வேலையாக இருந்த சமயம் பார்த்து, மேற்குச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்துவிட்டார். சார் வந்தார். அந்த அறையில் நாற்காலியை விரித்து நைனாவை உட்காரவைத்தார். எதிரே சிமெண்ட் மூட்டைமேல் தானும் உட்கார்ந்துகொண்டார். மூன்று மணிக்கு நைனா சட்டையைக் கழற்றினார். ஐந்து மணிக்குக் கொத்தனாரைக் கூப்பிட்டார்.

"யோவ், மூடுய்யா அத."

கத்திரி வெயிலில்கூட அந்த வீட்டில் மதியம் போர்வை இழுத்துத் தூங்கியிருக்கிறேன். சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை.

கோட்டையைப் பார்க்க வரும் கூட்டம் பெருகியதும் ஊருக்குக் கண்ணாடிப் பைத்தியம் பிடித்தது. சார் கட்டிய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு, மலையைப் பார்த்த லாட்ஜுகளாயின. சார் போன பிறகு அவருடைய சொந்த வீட்டையே மகன் அப்படி மாற்றினான். போன சித்திரையில் அவருடைய முதலாண்டு நினைவுக் கூட்டமும் அந்தக் கண்ணாடி ஹாலில்தான் நடந்தது. அவர் பிளான்களைக் கெடுத்தே பெரிய ஆளான ஒரு பில்டர், "நம்ம ஊரின் சிற்பி" என்று மைக்கில் முழங்கினார். ஏசி திணறியது. சிற்பிக்குப் போட்ட மாலை கூட்டம் முடிவதற்குள் வதங்கிவிட்டது. எழுந்து கத்தலாமா என்றுகூட நினைத்தேன்.

ஓரமாக அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். கழுத்தெல்லாம் வேர்க்குரு. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு கட்டுனதுல உங்க வூடு ஒன்னுதாம்பா மிச்சம். இங்க தூக்கமே இல்ல. கத்திரி முடியற மட்டும் அங்க ஒரு ஓரமா படுத்துக்கட்டா?"

அதற்கு முந்தின வாரம்தான் அந்த வீட்டை லாட்ஜ் கட்டுகிறவருக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். தம்பியோடு பாகம் பிரிக்க வேறு வழியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போட்ட கையெழுத்து.

"வெள்ளையடிக்கிறோம்மா. முடிஞ்சதும் நானே வந்து கூட்டிக்கினு போறேன்."

"சரிப்பா. மெதுவா முடிங்க."

வெள்ளையடித்து முடிந்ததா என்று இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டார். பிறகு கேட்கவில்லை. பொக்லைன் வந்து அரை நாளில் வேலையை முடித்ததை யாரோ சொல்லியிருக்க வேண்டும். இப்போது கடைத்தெருவில் எதிர்ப்பட்டால், "சாப்டியாப்பா?" என்கிறார். வீட்டைப் பற்றிக் கேட்பதில்லை.