மிதந்த கல்லும் தாகமெடுத்த காக்கையும்

சசிரேகா ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வந்திறங்கும் சரக்கைச் சோதித்துக்கொண்டிருந்தவள். நைட் ஷிப்ட் குடும்பத்துக்கு ஆகாது என்று மாமியார் தீர்ப்பு சொன்னதால், படப்பையில் ஒரு தனியார் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சரானாள். அறிவியலைப் பழைய பாலர் கதைகளை வைத்தே நடத்துவாள். ஆமையும் முயலும் ஓடினால் அது வேகம். கிணற்றில் சிங்கம் தன் முகத்தைப் பார்த்தால் அது எதிரொளிப்பு.

“மிஸ், அந்த முயல் நைட் ஷிப்டா? பகல்ல தூங்குதே!” என்பான் பிரவீன். அதற்கும் பதில் சொல்வாள்.

பள்ளியின் முதலாளி பாண்டுரங்கன், நிலத்தை மனைகளாக்கி விற்ற மகராசன். அவர் விற்ற வேகத்தில், செம்பரம்பாக்கம் ஏரிக்குக் குளிக்கப் போன தவளை திரும்புவதற்குள் அதன் வளை மேல் இரண்டு படுக்கையறை வீடு எழும்பியிருந்ததாம். கல்வி மேல் அவருக்கு அவ்வளவு பக்தி. பள்ளிக்கு இப்போது மேல்மாடி கட்டிக்கொண்டிருந்தார்.

“கதை கேக்கவாம்மா ஃபீஸ் கட்றாங்கோ? அந்த பீரியடுல ஐஐடி கோச்சிங் வச்சிடலாம்.”

“நாலாங்கிளாஸுக்கா சார்?”

“யூகேஜிக்கே வைக்கலாம்னு கீறேன். சரி, வெள்ளிக்கெழம நானே வந்து குந்திக்கினு பாக்குறேன். உன் காக்கா தண்ணி குடிச்சா பீரியடு உனுது. இல்லன்னா கோச்சிங்.”

கல் போட்டுத் தண்ணீரை மேலே வரவழைத்த காக்கையின் கதைதான் அந்த வாரம். ஆளுக்கொரு சின்னக் கல் கொண்டுவரச் சொன்னாள் சசிரேகா. மனையும் தார்ரோடுமாகிவிட்ட ஊரில் பிள்ளைகள் கூழாங்கல்லுக்கு எங்கே போவார்கள்? பள்ளிக் கொல்லையில் கொட்டிக் கிடந்த வெள்ளைக் கல்லில் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார்கள். அத்தனை வருஷம் சரக்குச் சோதித்தவள், அன்றைக்கு வந்த சரக்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை. கண்ணாடி ஜாடியில் பாதித் தண்ணீர், பக்கத்தில் அட்டைக் காக்கை, முன் பெஞ்சில் பாண்டுரங்கன். பிள்ளைகள் வரிசையாக வந்து கல்லைப் போட்டார்கள். ஒன்றும் மூழ்கவில்லை. ஜாடியின் வாய்வரை வெள்ளை வெள்ளையாய் அடைத்துக்கொண்டு மிதந்தன. காக்கைக்குத் தண்ணீர் இல்லை, மூடிதான் கிடைத்தது.

“ஏ, கல்லு மெதக்குல்லா!” என்று கத்தினாள் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த சுகப்பிரியா.

“பாத்தியாம்மா? கோச்சிங்தான்,” என்று எழுந்தார் பாண்டுரங்கன். சசிரேகா ஒரு துண்டை எடுத்துப் பிட்டாள்.

“பாருங்கடா, உள்ள எல்லாம் பொடிப்பொடி ஓட்டை. ஓட்டைல காத்து. அதான் மெதக்குது. ரொம்ப நேரம் கெடந்தா தண்ணிய இதுவே குடிச்சிடும். இந்தக் கல்லு எங்கடா கெடச்சுது?”

“மாடி கட்றாங்களே மிஸ், அங்க!”

வாசல்வரை போன பாண்டுரங்கன் நின்றார். மேலே கூரையைப் பார்த்தார்.

“இன்னாது... என் மாடி தண்ணி குடிக்குமா?”

“கட்டடத்துக்குன்னே காத்தடைச்சுச் செய்யுற லேசான கல்லு சார், சொவருக்கு நல்லதுதான். மேல்பூச்சு ஒழுங்கா இல்லன்னா மழைல குடிக்கும்.”

மேஸ்திரி பூச்சுக்குச் சொன்ன யோசனைகளை எல்லாம் சிக்கனம் கருதித் தள்ளியிருந்தவர் அவர். மறுபடி வந்து உட்கார்ந்தார்.

கோச்சிங் பேச்சு அத்தோடு போனது. அடுத்த வெள்ளிக்கிழமை கக்கத்தில் ஒரு டைல்ஸோடு அவரே முதல் ஆளாக வந்து குந்தினார். “இத்தையும் போட்டுப் பாரும்மா.”

காக்கைக்குத்தான் இன்னும் தண்ணீர் கிடைக்கவில்லை. முதலாளியின் சாமான்கள் முடிந்த பிறகே அதன் முறையாம்.