பால் குடித்த மலைப்பாம்பு

எனக்கு ஒன்பது வயதில் ஒரு மலைப்பாம்பு இருந்தது. சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். அந்தப் பாம்பு என்னைப் படுத்திய பாட்டுக்கு, அதற்காக உட்கார்ந்து வாதாட எனக்குத் தெம்பில்லை.

அப்பாவுக்கு அந்தமானில், மாயாபந்தரில் கிளார்க் வேலை. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். கடல் தாண்டி, மீன் வாசனைக்கு நடுவில் வந்து குடியேறியும் எங்கள் வீட்டுக்குள் ஒரு முட்டைகூட நுழைந்ததில்லை. அம்மாவின் தம்பிக்குக் கப்பலில் வேலை. நிக்கோபார் போய் வந்த ஒரு தடவை, சாக்குப்பையில் இரண்டு மலைப்பாம்புக் குட்டிகளோடு வந்து நின்றார் மாமா. அந்தக் காலத்தில் அதைக் கேட்க ஆளும் கிடையாது.

"ஒண்ணு ஒனக்கு, ஒண்ணு எனக்கு. எது வேணும்னு நீயே எடு" என்றார்.

ஒன்று சாக்கைத் திறந்ததுமே மாமாவின் கையைக் கடிக்கப் பாய்ந்தது. மற்றது தலையை உடம்புக்குள் புதைத்துக்கொண்டு பந்து மாதிரி சுருண்டு கிடந்தது. நான் சுருண்டதைக் காட்டினேன்.

"கடிக்கறதுதான் நல்லாத் திங்கும், மருமவளே. இது அசமந்தம். யோசிச்சு எடு."

யோசிக்கிற வயதா அது? அடக்கமான பாம்பு என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்ளலாம் என்று அதையே எடுத்தேன். மாமா ஒரு நிபந்தனை போட்டார். கப்பல் மெயின்லேண்ட் போய்த் திரும்ப ஒரு மாதம் ஆகும். அதற்குள் பாம்பு ஏதாவது தின்றிருந்தால் அது எனக்கு. இல்லையென்றால் அவரே திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார். உயிரோடு எலி போட வேண்டும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

"இந்த வீட்டுல ஒரு உசுரு சாவக் கூடாது. அம்புட்டுதான்."

எலி வேண்டாம், சரி. வேறு எதைக் கொடுப்பது என்று அப்பாவும் சொல்லவில்லை, மாமாவும் சொல்லவில்லை. ஒருவர் ஆபீசுக்குப் போனார், ஒருவர் கப்பலுக்குப் போனார். பலகைப் பெட்டியும் பாம்பும் நானும் மிஞ்சினோம்.

தயிர்சாதம் வைத்தேன். பூவன்பழத்தைப் பிசைந்து வைத்தேன். வாயை எப்படித் திறப்பது என்று அதன் எதிரில் உட்கார்ந்து நானே தின்று காட்டினேன். அது தலையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டது. தின்றதா, தின்றதா என்று நிமிஷத்துக்கு ஒருதரம் மூடியைத் திறந்து பார்ப்பேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒருநாள், "செத்துத் தொலை" என்று கத்திவிட்டு, உடனே அழுதேன்.

அம்மா மட்டும் கவலைப்படவில்லை. ஊரில் வெள்ளிக்கிழமை தவறாமல் புற்றுக்குப் பால் வார்த்தவள், இங்கே புற்றுக்கு எங்கே போவது என்று ஏங்கிக்கொண்டிருந்தாள். இப்போது பாம்பே வீடு தேடி வந்துவிட்டது. கப்பலில் வரும் பால் பவுடர் தீர்ந்துகொண்டிருந்த சமயம். நாங்கள் கருப்புக் காப்பி குடித்தோம், பாம்புக்குக் கிண்ணம் நிறையப் பால். அது பாலில் வாலை நனைத்துக்கொண்டு படுத்திருந்தது.

"பாம்பு பால் குடிக்காது" என்றார் அப்பா.

"நீங்க கண்டியளோ?" என்றாள் அம்மா.

மூன்று வாரம் போய்விட்டது. பாம்பின் முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லையில், வீட்டை விட்டுத் தள்ளி இருந்த விறகுக் கொட்டகையில் வைத்தார். "ஏளா, நாளைக்குக் காலைல வரைக்கும் மூடியத் தொட்ட, தோலை உரிச்சுருவேன்" என்றார். என் பாம்பை நாடுகடத்திவிட்டாரே என்று எனக்கு அழுகையும் கோபமும். அம்மா அங்கேயும் போய்ப் பெட்டிக்குள் பால் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை ஓடிப்போய்த் திறந்தேன். கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. பாம்பின் நடு உடம்பு என் கட்டைவிரலைவிடப் பெரிதாகப் புடைத்திருந்தது. பால் குடித்த வயிறு! அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மத்தியானத்துக்குள் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டி வரைக்கும் செய்தி போய்விட்டது. அந்த மாதம் கப்பல் வருவதற்குள் இன்னொரு தடவையும் அப்படி நடந்தது. மாமா வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தார், அப்பாவையும் ஒருமுறை பார்த்தார், பாம்பை எனக்கே விட்டுவிட்டுப் போனார்.

அப்பா ரிட்டையர் ஆகி நாங்கள் மெயின்லேண்டுக்குக் கிளம்பியபோது, வழியனுப்ப வந்த ஆபீஸ் பியூன்தான் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் ராஞ்சிக்காரர். ரெக்கார்டு ரூமில் கோப்புகளைக் கடிக்கும் எலிகளுக்காகப் பொறி வைப்பார்களாம். மாட்டிய எலியைக் கொல்ல விடாமல் காட்டோரம் கொண்டுபோய் விடச் சொல்கிறவர் அப்பா. அவர் ஒருநாள் மாலையில் எலியோடு பொறியையே கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாராம்.

"ஹம் பூச்சா, பாபுஜி, ஆப்? தோ போலே, தோனோ மே ஏக் தோ மரேகா ஹி."

‘பாபுஜி, நீங்களா?’ என்று இவர் கேட்டதற்கு, இரண்டில் ஒன்று எப்படியும் சாகத்தான் போகிறது என்றாராம் அப்பா.

பெட்டியைக் கொட்டகையில் வைத்த அந்த வெள்ளிக்கிழமை மாலை அப்பா கொல்லைப் பக்கமாக வந்து, துக்க வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி கிணற்றடியில் வேட்டியோடு தலைக்குக் குளித்ததை நான் பார்த்தேன். விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்தவர், மறுநாள் முழுவதும் ஒரு வாய் சோறு தொடவில்லை. பாம்பு பால் குடித்த வெற்றியில் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"அப்பா தோத்துட்டாவ, அதான் சாப்புட மாட்டேங்காவ" என்றேன், அவர் காதில் விழட்டும் என்றே. அம்மா சிரித்தாள்.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவளுக்கு இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்து" என்றார் அம்மாவிடம். நான் இலையில் சோற்றைக் குழித்துக் காட்டினேன்.