பெரியவரின் இடது கன்னம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட கை அது. ஆனால் அந்தத் தொலைக்காட்சி நிறுவனத்தில் அந்தக் கை படாமல் ஒரு முகமும் திரையேறியதில்லை. ஒப்பனைக்காரர் டச்சப் அண்ணன் என்று சொன்னால் வாசல் காவலாளியிலிருந்து கணக்குப் பிரிவு வரைக்கும் தெரியும். சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் அவர் மனைவியே ஒரு கணம் யோசிப்பாள்.

நாடகக் குழுவில் பொய்முடி அலசிப் போடுவதில் தொடங்கிய பிழைப்பு. யார் தயவும் இல்லை, யார் சிபாரிசும் இல்லை. திருட்டுத்தனமாகப் பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றார். சும்மா சொல்லக் கூடாது, வித்தை இருந்தது. செய்தி வாசிக்கும் பெண் தூக்கம் கெட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தால், "என்னம்மா, கண்ணுக்குக் கீழ ரெண்டு மூட்டை தூக்கிட்டு வந்திருக்க? இங்கயே இறக்கி வச்சிட்டுப் போ" என்பார். போகும்போது மூட்டை இருக்காது. "கடவுள் அவசரத்துல விட்டதை நான் நிதானமா முடிச்சு வைக்கிறேன்" என்று அவர் பீற்றிக்கொள்வதை யாரும் மறுத்ததில்லை. மறுத்தால் அடுத்த நாள் முகத்தில் பவுடர் திட்டுத்திட்டாக நிற்கும்.

அந்த நிறுவனத்தை ஒற்றை ஆளாக உருவாக்கிய பெரியவர், முதல் ஒளிபரப்பு நாளில் விளக்குச் சூட்டில் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தார். கூட்டி வந்திருந்த பெரிய பெரிய ஒப்பனைக்காரர்கள் பூசப் பூச வழிந்தது. மூலையில் நின்ற இவர் ஈரப் பஞ்சும் ஒரு டப்பா பவுடருமாகப் போய் ஐந்தே நிமிடத்தில் சரிக்கட்டினார். பெரியவர் கண்ணாடியைப் பார்த்து, கையை லேசாக உயர்த்தி, "போதும்" என்றார். அதற்குப் பிறகு இவர் ஒரு துளி வைக்கவில்லை. அன்றிலிருந்து அதுவே அந்த ஒப்பனை அறையின் சட்டமாகிப்போனது. உட்கார்ந்திருப்பவர் போதும் என்று கை காட்டினால் போதும்தான். முகம் அவருடையது. வேலையில் சேருகிறவர்களுக்கு இவர் சொல்லித்தரும் முதல் பாடமும் அதுதான். பாடம் கேட்டவர்களில் அவர் மனைவியின் தம்பியும் உண்டு. பத்து வருடமாக அவருக்குத் துணைக்கை.

பெரியவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் விளம்பரமும் வரவு செலவும் பார்த்தான். ஊழியர்களுக்கு அவன் சின்னவர். மகள் செய்திப் பிரிவைப் பார்த்தாள். தாயில்லாப் பிள்ளை. பள்ளி விட்டால் நேரே ஒப்பனை அறைக்கு வந்து, முக்காலியில் உட்கார்ந்து பாடம் எழுதியவள். டச்சப் அண்ணனை மாமா என்றுதான் கூப்பிடுவாள். தலைமை ஆசிரியராகிக் கண்ணாடி அறையில் உட்கார்ந்த பிறகும் மாமாதான். அவருக்கும் அவள் பாப்பாதான்.

பெரியவர் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். இடது கன்னம் தொங்கி, வாயோரம் இறங்கி, பேச்சு குழறிவிட்டது. வலது கை மட்டும் சொன்னபடி கேட்டது. அன்றைக்கே வீட்டில் இரண்டு அடுப்பு பற்றிக்கொண்டது.

நிறுவனத்தின் ஏற்பாடு எளிது. பெரியவர் தெளிவாக இருக்கும்வரை அவர் கை காட்டுகிறவர்தான் தலைமை. அவரால் முடியாது என்றால் பங்குதாரர்கள் கூடி முடிவு செய்ய வேண்டும். சின்னவர், "அப்பா நல்லா இருக்காரு, என்னைத்தான் சொல்லியிருக்காரு" என்றான். மகள், "அப்பாவால எதையும் சொல்ல முடியல. ஒரு டாக்டர் வந்து பார்க்கட்டும்" என்றாள். மறுநாளே அப்பாவின் வீட்டு வாசலில் அவள் காரைத் திருப்பி அனுப்பினார்கள். ஐயா ஓய்வில் இருக்கிறாராம்.

டச்சப் அண்ணனை மட்டும் கார் அனுப்பி அழைத்தார்கள்.

வீட்டுக் கூடத்தில் கேமரா, இரண்டு விளக்கு, ஜன்னலுக்கு முதுகு காட்டிப் பெரியவரின் சக்கர நாற்காலி, எதிரே முகம் பார்க்கும் கண்ணாடி. சின்னவர் தோளில் கை போட்டான். "அண்ணே, அப்பா ரெண்டு நிமிஷம் பேப்பர் புரட்டணும், கேமராவைப் பார்த்துக் கை ஆட்டணும். அவ்வளவுதான். பங்குதாரர்களுக்குப் போட்டுக் காட்டப் போறேன். பழைய அப்பா மாதிரி இருக்கணும். உங்களால முடியுமா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் கெடுத்தது. முடியுமா என்று யாராவது கேட்டுவிட்டால் அவருக்கு உச்சந்தலை சுடும். "தம்பி, செத்தவனை எழுப்பி உட்கார வைக்கிற கை இது. தள்ளி நின்னு பாருங்க" என்றார். சொன்ன பிறகுதான் நாற்காலியில் இருந்தவருக்கும் காது கேட்கும் என்பது நினைவு வந்தது.

வேலையில் இறங்கினார். கண்ணுக்குத் தெரியாத ஒட்டுநாடாவைக் காதோரம் ஒட்டி, அதில் நூல் கட்டி, பின்னந்தலைக்கு இழுத்து முடிச்சுப் போட்டார். தொங்கிய கன்னம் மேலேறியது. நாடாவின் முனை இடது நெற்றிப் பொட்டில் தெரிந்தது. முடியை வலப்பக்கத்திலிருந்து வாரி இழுத்து அதன்மேல் விட்டார். வாழ்நாள் முழுதும் இடது வகிடு எடுத்த தலையில் வகிடு வலப்பக்கம் போனது. கன்னத்துக்கு நிறம், உதட்டுக்கு ஒரு தீற்றல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதென்று சொன்னவன் அவர் வேலையைப் பார்த்ததில்லை.

வாயோரம் மட்டும் பாக்கி இருந்தது. அப்போது பெரியவர் கண்ணாடியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். வலது கை கைப்பிடியிலிருந்து எழும்பியது. உள்ளங்கை விரிந்து, கண்ணாடிக்கு நேராக நின்றது.

டச்சப் அண்ணன் பார்த்தார். முதல் நாள் பார்த்த அதே கை. பின்னால் சின்னவர் நின்றுகொண்டிருந்தான். கேமராக்காரன் நின்றுகொண்டிருந்தான். வாயோரம் மட்டும்தான் பாக்கி. அவர் இடது கையால் பெரியவரின் கையை மெல்லப் பிடித்து, பூப்போல, கைப்பிடியில் இறக்கி வைத்துவிட்டு, வலது கையால் வாயோரத்தை முடித்தார்.

முடிக்கும்வரை அந்தக் கை மறுபடி எழும்பவில்லை.

திரையில் பெரியவர் பேப்பர் புரட்டினார், கை ஆட்டினார். பத்து வயது குறைந்திருந்தார். பங்குதாரர்கள் பார்த்துவிட்டு, "ஐயா கல்லு மாதிரி இருக்காரு, இந்தப் பொண்ணு எதுக்கு ஊரைக் கூட்டுது?" என்றார்கள். பெரியவரின் சொந்தத் தம்பியே அவளிடம், "பெத்த அப்பனை நோயாளின்னு சொல்லிப் பதவி பிடிக்கிறியே, நீ என்ன பிள்ளை?" என்று கேட்டாராம். மாலைக்குள் மின்தூக்கியில் வேலை செய்கிறவர்வரை அந்தச் சொல் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலை அவள் ஒப்பனை அறைக்கு வந்தாள். பழைய முக்காலியில் உட்கார்ந்தாள். முகம் கழுவி வந்திருந்தாள். அழுத முகத்தைக் கழுவினால் எப்படி இருக்கும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மாமா, நான் பொய் சொல்றேன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க அப்பா முகத்தைக் கிட்டப் பார்த்தீங்க. எப்படி இருக்காரு?"

"நான் தொழில்காரன் பாப்பா. மேல பூசுறவனுக்கு உள்ள என்ன தெரியும்?"

"அப்பா வலப்பக்கம் வகிடு எடுத்து நான் பார்த்ததே இல்லையே மாமா."

அவர் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வயசானா முடி திசை மாறும்மா."

எத்தனை நாடகம் பார்த்தவர். இவ்வளவு மட்டமான வசனத்தை அவர் கேட்டதில்லை. அவள் அவரையே பார்த்தாள். மாமா பொய் சொல்லமாட்டார் என்ற நம்பிக்கை அந்தக் கண்ணில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் அவரைச் சுட்டது. "சரி மாமா" என்று எழுந்து போனாள்.

அவள் போனதும் மச்சினன் வந்து உட்கார்ந்தான். "அத்தான், அந்தப் படத்தைப் பார்த்தேன். எப்படி அத்தான் கன்னத்தை நிறுத்துனீங்க? கும்பிடணும் உங்களை!"

வெட்கம் பிடுங்குகிற நேரத்தில் புகழ்ச்சி வந்தால் மனுஷன் அதைத்தான் பிடித்துக்கொள்வான். அவர் சொல்லித் தந்தார். நாடா, நூல், வகிடு, எல்லாம். கடைசியில், வாய் சும்மா இருக்காமல், "நடுவுல கையைத் தூக்குவாரு. கண்டுக்கக் கூடாது. அமுக்கி வச்சிட்டு முடிக்கணும். அங்கதான் இருக்கு சாமர்த்தியம்" என்றார்.

சொன்ன வார்த்தை திரும்பி வந்து கதவைத் தட்ட அதிக நாள் ஆகவில்லை. நிறுவனத்தின் ஆண்டு நாள் வந்தது. இம்முறை நேயர்கள் எல்லோரும் பார்க்கும்படி பெரியவரைக் காட்டி, சின்னவர்தான் இனித் தலைவர் என்று அறிவிப்பதாக ஏற்பாடு. கார் வந்தது. டச்சப் அண்ணன் கைவலி என்றார். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கைவலி என்று சொல்லத்தான் வந்தது. "அப்ப நான் போறேன் அத்தான்" என்று மச்சினன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தான். "அத்தான், அச்சு அசல் உங்க வேலை! சின்னவரே கை குடுத்தாரு. நீங்க சொன்ன மாதிரியேதான், கிழவர் கையைத் தூக்கினாரு. நான் கண்டுக்கவே இல்ல. ரெண்டாவது தடவையும் தூக்கினாரு. டவலைப் போட்டு மூடிட்டேன்."

டச்சப் அண்ணன் சாப்பாட்டைப் பாதியில் மூடினார்.

"என்ன அத்தான், உடம்புக்கு ஆகலையா?"

"நான் உனக்கு முதல் நாள் என்னடா சொல்லித் தந்தேன்?"

மச்சினன் யோசித்தான். "பஞ்சை ஈரம் போகப் பிழியணும்னு."

"அதுக்கு முன்னாடி."

அவனுக்கு நினைவில்லை. கிழவர் என்று அவன் சொன்னதும் இவர் காதில் நின்றது. பெரியவரை அந்தக் கட்டடத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கையை அமுக்கினால் மரியாதையும் சேர்ந்து அமுங்கும்போலிருக்கிறது.

படம் மாலையில்தான் ஒளிபரப்பாகும். அதற்குள் அவர் பெரியவரின் மகள் வீட்டுக்கு நடந்தே போனார். கதவைத் திறந்தவளிடம், செருப்பைக்கூடக் கழற்றாமல், "வகிட்டை மாத்துனது நான்தான் பாப்பா. கன்னத்துல நாடா. நான்தான் ஒட்டுனேன்" என்றார்.

அவள் கோபப்படவில்லை. கண் கலங்கியது. "தெரியும் மாமா. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன்." அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதை நாலு பேர் முன்னாடி சொல்லுவீங்களா?"

அந்தப் பிடியில் அவருக்கு உயிர் வந்தது. சொல்லிவிட்டோம், முடிந்தது என்று நினைத்தார். அப்போதுகூட நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். பெரியவர் கை தூக்கியதை மட்டும் அவர் அவளிடம் சொல்லவில்லை.

பெரியவரின் தம்பி வீட்டில் பங்குதாரர்கள் அவசரமாகக் கூடினார்கள். சின்னவரும் வந்திருந்தான், மகளும் வந்திருந்தாள். டச்சப் அண்ணன் நாடாவைச் சொன்னார், நூலைச் சொன்னார், முடிச்சு எங்கே விழும் என்று தன் தலையிலேயே தொட்டுக் காட்டினார். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. தொழிலைப் பேசினால் அவருக்கு அப்படித்தான்.

சின்னவர் சிரித்தான். "சித்தப்பா, கேமரா முன்னாடி வர்ற எல்லாரும் பூசிக்கிறாங்க. நீங்க கல்யாணத்துல பூசிக்கலையா? அப்பா சம்மதிச்சுத்தான் உட்கார்ந்தாரு. வேணாம்னா சொல்லியிருக்க மாட்டாரா?"

கூட்டம் தலையாட்டியது. பெரியவரின் தம்பி இவர் பக்கம் திரும்பினார். "நீ பழைய ஆளு. நிஜத்தைச் சொல்லு. அண்ணன் வேணாம்னு சொன்னாரா?"

ஒப்பனை அறையின் சட்டம் அங்கே எவருக்கும் தெரியாது. மகளுக்குத் தெரியும். முக்காலியில் உட்கார்ந்து பாடம் எழுதிய காலத்திலிருந்தே தெரியும். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்றால் சின்னவர் ஜெயிப்பான். ஆமாம் என்றால்...

"சொன்னாரு" என்றார். "கையைத் தூக்கிப் போதும்னாரு. நான் பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"அந்தக் கையைப் பிடிச்சுக் கீழ வச்சேன். வாயோரம் பாக்கி இருந்துச்சு. அதை முடிச்சேன்."

கெட்டிக்காரத்தனமாக ஒரு வார்த்தை சேர்க்கலாமா என்று நாக்கு தேடியது. ஒன்றும் அகப்படவில்லை.

"அந்தப் படத்தை நிறுத்து" என்றார் பெரியவரின் தம்பி சின்னவரிடம். "நாளைக்கே டாக்டர் போய்ப் பார்க்கட்டும். அதுவரைக்கும் யாரும் தலைவர் இல்ல."

மகள் கேட்டது நடந்துவிட்டது. எல்லோரும் எழுந்தார்கள். டச்சப் அண்ணன் சுவரோரம் நின்றார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு அவரைக் கடந்தாள். வாசல்வரை போய் நின்று, பாதி மட்டும் திரும்பினாள். அவர் கையைத்தான் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"வந்து சொன்னதுக்கு நன்றி சார்" என்றாள்.

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் தன்னை சார் என்று கூப்பிட வேண்டும் என்று அவர் ஏங்கியதுண்டு. வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, கூட்டம் கலையும்வரை அங்கேயே நின்றார்.