பூட்டுப் போட்ட வாசலும் பெண் நம்பர் பதினேழும்

சர்வர் பார்த்துக்கொள்ளும் உத்தியோகத்தில், யாராவது போன் பண்ணி “எல்லாம் நல்லா ஓடுதுப்பா” என்று சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக பாவிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளி தேவராஜ், நான், அமெரிக்காவில் எங்கேயோ இருக்கிற வாடகை சர்வர் ஒன்று. அதில் ஊர்ப்பட்ட வெப்சைட்டுகள், மெயிலிங் லிஸ்டுகள். ஒருத்தர் மெயில் போட்டால் லிஸ்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் போகும். அவ்வளவுதான் வேலை என்று நம்பித்தான் நானும் சேர்ந்தேன்.

சாவி யார்கிட்ட?

ராஜலட்சுமி மேடம் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் இருந்தார். பல ஊர்ப் பெற்றோர்களைச் சேர்த்து, வரன் பார்க்க ஒரு லிஸ்ட் ஆரம்பித்தார். அதில் யாருக்கும் பெயர் கிடையாது. பெண் நம்பர் ஒன்று, பையன் நம்பர் இரண்டு என்று நம்பர்தான். இரண்டு தரப்பும் சரி என்று சொன்ன பிறகுதான் யார் வீடு என்பதே வெளியே வரும். இது மேடம் போட்ட சட்டம்.

ஜாதகம், சம்பளம் எல்லாம் இருக்கிறதே, பத்திரமாக வேண்டும் என்றார். வெப் முகவரியின் ஆரம்பத்தில், http-க்குப் பின்னால் ஒரு ‘எஸ்’ கூடுதலாக வந்தால் பூட்டுப் போட்ட வாசல், வராவிட்டால் திறந்த வாசல். அவருக்குப் பூட்டுப் போட்ட வாசலைக் கட்டிக்கொடுத்து, திறந்த வாசலுக்கு வருகிறவர்களையும் அங்கேயே திருப்பிவிட்டேன். மேடம் திரையின் மூலையில் தெரிந்த குட்டிப் பூட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “பூட்டு தெரியுது தம்பி. சாவி யார்கிட்ட இருக்கு, உங்ககிட்டயா?”

கடக ராசிப் பிள்ளையார்

மாமல்லபுரத்தில் சிலைக் கடை வைத்திருந்த ஏகாம்பரம் எங்கள் இன்னொரு வாடிக்கையாளர். வெளிநாட்டுக்காரர்களுக்குப் புதுச் சிலைகளின் படம் அனுப்ப ஒரு லிஸ்ட். பூட்டெல்லாம் வேண்டாம் என்று சொன்னவர். யாரோ ‘எஸ் போட்டா சேஃப்டி’ என்று காதில் ஓதிவிட, தன் முகவரியிலும் ஒரு எஸ்ஸைச் சேர்த்து அடித்திருக்கிறார்.

அந்தக் காலத்தில் எங்கள் சர்வருக்கே ஒரே ஒரு பூட்டுதான். எஸ் போட்டு யார் வந்தாலும் ராஜலட்சுமி மேடம் வாசலில்தான் போய் நிற்பார்கள். இவரும் போய் நின்று, அங்கே இருந்த ‘சேர’ பட்டனை நாங்கள் செய்துகொடுத்த புது வசதி என்று நினைத்து அமுக்கிவிட்டார். யார் சேர்ந்தாலும் மேடத்தின் சம்மதம் வேண்டும் என்று நான் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. மூன்றாம் நாள் போன் வந்தது: “அண்ணாத்த, நான் புள்ளையாருக்கு ஆர்டர் வரும்னு குந்தினுகீறேன். கடக ராசி, பூச நட்சத்திரம்னு வந்துகினே கீது. இன்னா நைனா, செலைக்கும் ஜாதகம் பாக்குறாங்களா?”

சட்டம் போட்டவர் படும் பாடு

ஏகாம்பரத்தை லிஸ்டிலிருந்து விலக்கிவிட்டு மூச்சு விடுவதற்குள், திங்கட்கிழமை ராஜலட்சுமி மேடம். பெண் நம்பர் பதினேழின் போட்டோவைப் பையன் நம்பர் ஒன்பது வீட்டார் கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால், ஞாயிற்றுக்கிழமை வேறு பெண்ணைப் பார்க்கப் போய்விடுவார்கள். போட்டோவோ பெரியது. நாற்பது கேபிக்கு மேல் போனால், லிஸ்டை நடத்துகிறவர் அனுமதிக்கும்வரை மெயில் நகராது. மேடம் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய் ‘அனுமதி’யை அமுக்கினால், பாஸ்வேர்டு போட்ட பழைய பக்கமே திரும்ப வந்து நிற்கிறது.

காரணம் நான்தான். அந்தப் பட்டன் இன்னும் பழைய, திறந்த வாசலுக்கே அனுமதியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. அங்கிருந்து நான் பூட்டிய வாசலுக்குத் திருப்புகிறேன். திரும்புகிற வழியில் அனுமதி கீழே விழுந்துவிடுகிறது. செட்டிங்கை மாற்றினேன், அசையவில்லை. செவ்வாய், புதன், வியாழன் போய்விட்டது. போட்டோவைச் சின்னதாக்கி அனுப்பச் சொன்னேன். “என் பொண்ணு கவிதாதான் அனுப்பினா. எம்சிஏ படிச்சவ. இதுக்கு மேல சின்னதாக்க முடியாதுங்கறா” என்றார். அப்போதுதான் தெரிந்தது, பதினேழு அவர் வீட்டுப் பெண். அடக் கடவுளே! பையன் வீட்டாருக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லிவிடுங்களேன் மேடம் என்று கெஞ்சினேன். “சட்டம் போட்ட நானே போன் பண்ணினா, நாளைக்கு எந்த மூஞ்சியை வச்சுகிட்டு மத்தவங்களைக் கேக்கறது?”

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த தேவராஜ் தன் பங்குக்குச் சொன்னார்: “அந்தப் பொண்ணு கல்யாணம் நின்னுச்சுன்னா இன்னா பதில் சொல்லுவே? செட்டிங்கு சரியில்லன்னா?”

வெள்ளிக்கிழமை வீரம்

வெள்ளி காலை லிஸ்ட் சாஃப்ட்வேர் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் விஷயம் கிடைத்தது. செட்டிங்கை மாற்றினால் புது லிஸ்டுகளுக்குத்தான் செல்லும். பழைய லிஸ்ட் ஒவ்வொன்றும் தன் விலாசத்தைத் தன்னிடமே வைத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்டளை கொடுக்க வேண்டும். ஒரே வரி! கொடுத்தேன். மேடம் பட்டனை அமுக்கினார், போட்டோ பறந்தது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

மத்தியானம் கவிதாவே போன் பண்ணினாள். பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறதாம். அம்மாவிடம் சொல்லத் தைரியமில்லை. நாற்பது கேபி கணக்கும், அனுமதிப் பட்டன் வேலை செய்யாததும் தெரிந்தேதான் போட்டோவைப் பெரிதாக ஸ்கேன் செய்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை தாண்டினால் தப்பித்துவிடலாம் என்று பார்த்தாளாம். போன மெயிலைத் திரும்பப் பிடிக்க முடியாதும்மா என்றேன். அவள் சொன்னாள்: “நாலு நாளா சரி பண்ணத் தெரியல, இன்னிக்குன்னு பார்த்துத் தெரிஞ்சுதா? சரி விடுங்கண்ணா, நானே அம்மாகிட்ட சொல்லிடறேன்.”

பதினேழு விலகியது

திங்கட்கிழமை மேடம் குரலைக் கேட்டதும் திட்டு வாங்கத் தயாரானேன். திட்டவில்லை. பையன் வீட்டாருக்கு வர வேண்டாம் என்று லிஸ்ட் மூலமாகவே சொல்லியாகிவிட்டதாம், பெண் அடுத்த வாரம் பெங்களூர் போகிறாளாம். “பதினேழை லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுங்க தம்பி. பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்றதைவிட, உங்க மிஷின் கெட்டுப்போகும்னு நம்பறது அவளுக்குச் சுலபமா இருந்திருக்கு பாருங்க.”

“மன்னிச்சிடுங்க மேடம்” என்றேன். எத்தனையோ தடவை சர்வரைக் கெடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், சரி செய்துவிட்டு மன்னிப்புக் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.