கார்த்தோன் என்றால் அட்டை

முதல் ஆர்டரே திரும்பி வந்தது. மூலக்குளத்தில் எங்கள் லேபிள் பிரஸ்ஸில் அப்போதுதான் ஆர்.எஃப்.ஐ.டி. டேக் அடிக்கும் மெஷின் இறக்கியிருந்தோம். டேக்கில் ஒரு சிப், அதன் இருபுறமும் சில்வர் இங்க்கில் அச்சடித்த ஆன்டெனா. ரீடரைத் தள்ளிப் பிடித்தாலே பீப் என்று வாசித்துவிடும். புரொடக்‌ஷன் என் பொறுப்பு.

உப்பளத்தில் தோல் பை செய்யும் லூயி சார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். "கார்த்தோன்ல டேக் வேணும், வெல கம்மியா" என்று ஃபோனில் சொன்னார். கார்ட்டன் பெட்டியில் ஒட்டத்தான் என்று நினைத்து, பிளாஸ்டிக் ஃபிலிமில் ஸ்டிக்கராக அடித்து அனுப்பினேன். மறுநாளே நேரில் வந்துவிட்டார்.

"என்னம்மா, பிளாஸ்டிக்க அனுப்பி வச்சிருக்க?"

"பெட்டியில ஒட்டத்தான சார் கேட்டீங்க?"

"பெட்டி யாரு கேட்டா? பிரெஞ்சுல கார்த்தோன்னா அட்டைம்மா! பையில நூல் கட்டித் தொங்கவுடணும். பிளாஸ்டிக்னா வெளிநாட்டுக்காரன் தொடமாட்டான்."

அவர் போனதும் முதலாளி செல்வம் என்னைப் பார்த்தார். "ஒரு வாரம் பாரு மேரி. அட்டையில டேக் சரியா வரலன்னா மெஷின வித்துட்றேன்."

ஆத்திரமாக வந்தது, என் மேல்தான். அந்த மெஷினை வாங்கச் சொல்லி இரண்டு வருஷம் அவரை நச்சரித்தவள் நான்.

சாதா அட்டை இங்க்கைக் குடித்துவிட்டது. ஒரு சாண் தூரத்தில்தான் ரீடர் வாசித்தது. லூயி சாருக்கு இரண்டு மீட்டர் வேண்டும். மேலே தனியாகக் கோட்டிங் கொடுத்தால் விலை ஏறும். கல்யாணப் பத்திரிகைக்கு வாங்கி வைத்திருந்த ஆர்ட் கார்டை எடுத்தேன். அதன் வழவழப்பில் இங்க் நின்றது. ஆனால் இங்க்கைக் காயவைக்கும் டிரையரில் அட்டை அப்பளம் மாதிரிச் சுருண்டது. சூட்டைக் குறைத்து, பெல்ட்டை மெதுவாக ஓட்டினேன். மூன்று மீட்டர் வந்தது.

சந்தோஷம் தாங்காமல் பத்து டேக்கைக் கடலோரம் இருக்கும் லூயி சார் குடோனிலேயே தொங்கவிட்டேன். இரண்டே நாளில் கடல் ஈரத்தை அட்டை இழுத்துக்கொண்டு, ஆன்டெனா பிடிக்கும் ஃப்ரீக்வென்சி இறங்கிவிட்டது. ஒன்றரை மீட்டர்தான். விடுவேனா? ஆன்டெனா குட்டையானால் ஃப்ரீக்வென்சி ஏறும். ஆன்டெனாவின் நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஆறு டிசைன் அடித்து, ஆறையும் அதே இடத்தில் கட்டினேன்.

ஏழாம் நாள் லூயி சார் ஒவ்வொரு டேக்கையும் நோக்கி ரீடரைப் பிடித்தபடி பின்பக்கமாகவே நடந்தார். முதல் மூன்றும் சீக்கிரமே ஊமையாகிவிட்டன. நான்காவதற்கு அவர் குடோன் வாசலைத் தாண்டியும் பீப் நிற்கவில்லை.

"போதும் சார், வண்டி வருது!" என்று கத்தினேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். டேக் எதில் அச்சாகும், எங்கே தொங்கும் என்று கண்ணால் பார்க்காமல் ஆன்டெனா வரையாதீர்கள்.

அங்கிருந்தே செல்வம் சாருக்கு ஃபோன் போட்டேன்.

"என்ன மேரி, மெஷின வித்துடலாமா?"

"சில்வர் இங்க் இன்னும் ரெண்டு டப்பா சொல்லுங்க சார்."