உளுந்து மூட்டையும் சிவப்புப் புள்ளிகளும்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். இதையெல்லாம் எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாலு வருடங்களுக்கு முன், ஒரு புரட்டாசி மதியம், கயத்தாறுக்குச் சற்று முன்னால் நெடுஞ்சாலையோர டீக்கடையில் நடந்தது இது.

அப்போது ஆறு மாதமாகச் செல்போனில் பக்கரா என்ற சீட்டாட்டத்தில் மூழ்கிக் கிடந்தேன். எளிய ஆட்டம்தான். பிளேயர், பேங்கர் என்று இரண்டு பக்கம். அவை வெறும் பெயர்கள், எதில் வேண்டுமானாலும் பணம் கட்டலாம். பக்கத்துக்கு இரண்டு சீட்டு விழும், சில சமயம் மூன்றாவதும் விழும். கூட்டி வரும் எண்ணின் கடைசி இலக்கம் எந்தப் பக்கத்தில் ஒன்பதுக்கு நெருக்கமோ, அந்தப் பக்கம் ஜெயித்தது. நாம் செய்ய ஒன்றுமே இல்லை. அதனாலோ என்னவோ, மனம் சும்மா இருக்காது. பேங்கர் ஜெயித்தால் திரையில் சிவப்புப் புள்ளி, பிளேயர் என்றால் நீலம். அவற்றை ஒரு நோட்டில் வரைந்து வைப்பேன். ஜெயித்தால் என் மூளை, தோற்றால் நேரம் சரியில்லை.

எங்கள் கரிசல் காட்டில் மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்போம். மூன்று வருடம் காய்ந்தால் நாலாவது வருடம் பெய்யாமல் போகாது என்று சொல்லிக்கொள்வோம். அந்தக் கண்ணோடுதான் புள்ளிகளையும் பார்த்தேன். ஏழு சிவப்பு வரிசையாக வந்துவிட்டால், அடுத்து நீலம் வந்தே தீர வேண்டும்.

அன்று என் மொபெட்டில் இருந்தது விதை உளுந்து. கயத்தாறில் விற்று அந்தப் பணத்தை ஆட்டத்தில் கட்டுவதாக இருந்தேன்; விற்க வேறு எதுவும் மிச்சமில்லை. விதைக்கு மருந்து கலந்து நேர்த்தி செய்துவிட்டு வருகிறேன் என்று மனைவியிடம் பொய் சொல்லிக் கிளம்பியிருந்தேன்.

வெயிலில் தார்ச்சாலை மேல் கானல் தண்ணீராக மிதந்தது. அதிலிருந்து லாரிகள் நனையாமல் எழுந்து வந்தன. தூரத்துக் காற்றாலைகள் தூக்கத்தில் கை வீசுவதுபோலச் சுற்றின. கண்ணை மூடினாலும் சிவப்பும் நீலமும்தான்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர், என்னைவிட இளையவர், நோட்டை எட்டிப் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, புள்ளியா வைக்குதிய? மார்கழிக்கு இன்னும் நாள் கெடக்கே.”

வெட்கத்தோடு விளக்கிச் சொன்னேன்.

“அப்ப பணம் கட்டாம பத்து ஆட்டம் பாப்பம். நீங்க நோட்டப் பாத்துச் சொல்லுங்க. நான் டீயப் பாத்துச் சொல்லுதேன்.”

பத்து ஆட்டம் முடிந்தது. அவர் சொன்னதில் ஆறு சரி. நான் சொன்னதில் நாலு.

“பாத்தியளா, இனி டீக்கும் ஒரு நோட்டு போடணும்லா!” என்று சிரித்தார். “என் ஆறும் சும்மா வந்த ஆறுதான் அண்ணாச்சி. போன தடவ செவப்பு விழுந்தது சீட்டுக்கு எப்படித் தெரியும்?”

நான் நோட்டை மூடி வைத்தேன். “மூட்டையில என்ன?” என்றார்.

“உளுந்து. விதைக்கு வச்சிருந்தது.”

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனார். கயத்தாறைப் பார்த்து நின்ற என் மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, நான் வந்த பக்கமாகத் திருப்பி நிறுத்தினார்.

“வாரேன் அண்ணாச்சி.”

அவர் லாரி அந்தச் சாலைத் தண்ணீருக்குள் போய்க் கரைந்தது. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வண்டி நின்ற திசையிலேயே வீட்டுக்குப் போனேன்.

இன்றைக்கும், இந்தத் தடவை வந்தே தீரும் என்று மனம் எதையாவது சொல்ல ஆரம்பித்தால், என் வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

மறுநாள் உளுந்தை விதைத்தோம். மழை வரவில்லை.