ஒத்துக்கொண்டவன்

என் அண்ணன் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பதிலி ஆள். யாராவது லீவு போட்டால் அன்றைக்கு வேலை. பதிலி ஆளுக்கு மில் அடையாளக் கார்டு கிடையாது. என்றைக்காவது நிரந்தரம் ஆக்குவார்கள் என்று காத்திருந்தான். எங்கள் வீட்டுக்கு வேறு நம்பிக்கை இல்லை.

எண்பதுகளின் கடைசியில் கடைத்தெருவில் சில கடைகளின் பூட்டை உடைத்தார்கள். புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் திருட்டை ஒழித்துக் காட்டுகிறேன் என்றார். வியாபாரிகள் மாலை போட்டார்கள். ஜீப் எங்கள் காலனிக்கு வந்தது. வேறு எந்தத் தெருவுக்கும் போகவில்லை.

ஷிப்ட் முடிந்து காலையில் வந்த அண்ணனைக் காலனி முக்கில் ஏட்டு நிறுத்தினார். நான் குழாயடியில் நின்றேன்.

"ஏலே, எங்க போயிட்டு வார?"

"மில்லுக்குய்யா."

"மில்லுக்குப் போனவன் தலையில பஞ்சு எங்கல? மாப்பிள்ள மாதிரி சீவிட்டு வாரான்!"

தலையில் பஞ்சோடு தெருவில் நடக்க அண்ணனுக்குப் பிடிக்காது. மில் குழாயிலேயே குளித்துவிட்டுத்தான் கிளம்புவான்.

"மில்லுல கேட்டுப் பாருங்கய்யா!" என்று கத்தினேன்.

"ஏட்டி, நீ தண்ணியப் பிடி."

மில்லில் யாரும் போய்க் கேட்கவில்லை. சந்தேகப்படும்படி திரிந்தான் என்று சந்தேக கேஸ் போட்டார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வராந்தாவில் அதே ஏட்டு நல்லவர் மாதிரிப் பேசினார். "குத்தந்தான்னு சொல்லிரு. அபராதத்தோட முடிஞ்சிரும், சாயந்தரம் ஷிப்டுக்குப் போயிரலாம். இல்லன்னா வாய்தா வாய்தாவா இங்கயே கெடக்கணும்."

எங்கள் காலனியில் எல்லோரும் அப்படித்தான் ஒத்துக்கொள்வார்கள். கோர்ட்டுக்கு அலைந்தால் வேலை போய்விடும். வேலை போகக் கூடாதென்று, செய்யாததைச் செய்தேன் என்பார்கள். அண்ணனும் சொன்னான். அன்று சாயங்காலம் ஷிப்டுக்கும் போனான். அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம்.

பிறகு ஊரில் எங்கே திருட்டு நடந்தாலும் அவனைத்தான் தூக்கினார்கள். அடுத்த வருஷம் நிரந்தரத்துக்கு ஆள் எடுத்தபோது, மில்காரர்கள் ஸ்டேஷனில் விசாரித்தார்கள். அவர்கள் மட்டும் ஒழுங்காக விசாரித்தார்கள். நானும் அண்ணனும் மில் ஆபீஸில் போய் நின்றோம்.

"போலீஸ் கேஸ் உள்ளவன எப்படிம்மா எடுக்க?" என்றார் மேனேஜர்.

"பொய் கேஸ் சார்."

"அவனே ஒத்துக்கிட்டிருக்கானே."

பதிலி வேலையும் அன்றோடு போனது.

பூட்டை உடைத்தவன் யாரென்று இன்றுவரை தெரியாது. இன்ஸ்பெக்டர் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு போனார். அண்ணன் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினான், அதுவும் கிடைத்த நாளில். காலனியில் ஜீப் வந்து நின்றால், கூப்பிடும் முன்பே சட்டையை மாட்டிக்கொண்டு போய்ப் பின்னால் ஏறி உட்கார்ந்துவிடுவான்.

"ஏண்ணே நீயாப் போற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவிய வந்து இழுத்துட்டுப் போனா அடி கூட விழும்" என்றான்.